மிளகாய்க்குப் பின்னால் அரைக்கமாட்டோம்... கோதுமைக்குப் பின்னால்?

மாவு மில்லில் முன்னால் இருப்பவர் மிளகாய் அரைத்துவிட்டுப் போனால், அடுத்து நிற்பவர் தன் கேழ்வரகை உடனே கொட்ட விடமாட்டார். ‘வேற யாராச்சும் அரைக்கட்டும், அப்புறம் போடுறேன்’ என்று ஒதுங்கி நிற்பார். மெஷினுக்குள் தங்கிய தூள் களியில் காரமாக ஏறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே மெஷினில் கோதுமை அரைபட்டிருந்தால் யாரும் யோசிப்பதில்லை. அதற்கு நெடியில்லை, காரமில்லை, கண்ணுக்கும் தெரியாது. பெரும்பாலான வீடுகளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லைதான். ஆனால் ‘சீலியாக்’ என்ற குறைபாடு உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், மிளகாயைவிட அந்தக் கோதுமைத் தூள்தான் ஆபத்து.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் ‘குளூட்டன்’ என்ற புரதத்தொகுதி இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுபடுவதும் பரோட்டா வீசினால் கிழியாமல் விரிவதும் இதனால்தான். சீலியாக் உள்ளவர்களின் உடலில், இந்தப் புரதம் உள்ளே போனதும் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவின் சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள், ஆடு மேய்ந்த புல்லைப்போல மழுங்கிப்போகின்றன. அதன்பிறகு என்ன சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. குழந்தை வளராது, வயிறு மட்டும் உப்பியிருக்கும். பெரியவர்களுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, எலும்புத் தேய்மானம் வரலாம். சிலருக்கு வயிற்றுத் தொந்தரவே இருக்காது; இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் ஏறாத ரத்தச்சோகை மட்டுமே அடையாளமாக இருக்கும்.

காரணம் கோதுமைதான் என்பது உறுதியானது ஒரு பஞ்சத்துக்குப் பிறகு. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-ல் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் துலிப் செடியின் கிழங்கைக்கூடத் தின்று உயிர் பிழைத்தார்கள். நாடே வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. முன்பே கோதுமையின்மீது சந்தேகம் கொண்டிருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1950-ல் தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார். இன்றுவரை மருந்து என்று எதுவுமில்லை. குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்குவது ஒன்றே வைத்தியம்.

இது வடநாட்டு நோய்தானே என்று கேட்கலாம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ரத்தப் பரிசோதனையில் இதன் அடையாளம் காட்டியவர்கள் வடக்கே 100 பேரில் 1.23, தெற்கே 0.10 மட்டுமே. ஆனால், இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில் தெரிந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கே 25 கிராம். இன்று காலையில் ரவை உப்புமா, பள்ளிக்கூடப் பையில் பிஸ்கட், இரவில் பரோட்டா என்று நம் ஊர்ப் பிள்ளைகள் வளரும்போது, அந்த 25 கிராம் அப்படியே நிற்கும் என்று நம்புவது கடினம்.

முதலில் பரிசோதனை!

சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் பிடிபடாமல் போகும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தேவைப்பட்டால், எண்டோஸ்கோப்பி மூலம் குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து மருத்துவர் உறுதிசெய்வார். ஒருவருக்கு உறுதியானால், உடன்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மற்றபடி, உடல் மெலியும் என்று கேள்விப்பட்டு ஆரோக்கியமானவர்கள் கோதுமையை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒளிந்திருக்கும் கோதுமை

நோய் உறுதியானவர்களுக்கு நம் சமையல் பெரிய வரம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எதிலும் இந்தக் குளூட்டன் கிடையாது. உளுந்து, துவரை, கொள்ளு, நிலக்கடலை, எள், காய், கீரை, முட்டை, மீன், கறி எல்லாம் சாப்பிடலாம். இட்லியும் கம்பங்கூழும் உள்ள ஊரில் ‘குளூட்டன் இல்லாத’ பிஸ்கட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அவற்றில் பலவும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான்.

வெளிப்படையான கோதுமையை விலக்குவது எளிது. ஒளிந்திருப்பதுதான் சிக்கல். கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் இரண்டிலும் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள். சாம்பார், ரசம், மோர், இட்லிப்பொடி என்று அது போகாத இடமில்லை. அரிசி மாவு சேர்த்துச் செய்யும் பெருங்காயமும் கடையில் உண்டு; பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் பார்லிக் கஞ்சி இவர்களுக்கு ஆகாது. வீட்டில் வறுத்து அரைக்கும் சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம். வெளியில் தரும் சத்துமாவிலும் கோதுமை உண்டா என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். சேமியா, மால்ட் பானத் தூள், திருநெல்வேலி அல்வா, பந்தியில் வைக்கும் கேசரி எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். ‘சிறுதானிய பிஸ்கட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். சேர்மானத்தில் முதல் பெயரே மைதாவாக இருப்பது சாதாரணம்.

‘பாரம்பர்ய சம்பா கோதுமையில் குளூட்டன் குறைவாமே, அதைச் சாப்பிடலாமா?’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கூடாது. பழைய ரகமோ, இயற்கை முறையில் விளைந்ததோ, கோதுமை எதுவானாலும் குளூட்டன் உண்டு. இங்கே பெயர்க் குழப்பமும் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா நெல், தாராளமாகச் சாப்பிடலாம். சம்பா ரவை என்பது கோதுமை.

கால் கிராம் போதும்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணைய விதியின்படி, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் போனால் அதைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்க முடியாது. ஒரு கிராம் கோதுமை மாவில் சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அப்படியென்றால், ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே எல்லை வந்துவிட்டது. அது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகைதான். பொது மில்லில் மெஷினின் உள்சுவரிலும் துணிப்பையிலும் ஒட்டியிருப்பது அதைவிட அதிகம். முதலில் ஒரு படி அரிசியை விட்டு அரைத்தால் ஓரளவு கழுவிக்கொண்டு போகும். ஆனால் முழுதாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது.

அதனால் நோயுள்ளவர் இருக்கும் வீட்டில் மிக்ஸியிலோ, கோதுமை படாத திருகையிலோ அரைத்துக்கொள்வதே சரி. சல்லடை, தோசைக்கல், மாவு பிசையும் பாத்திரம் ஆகியவையும் தனியாக இருக்க வேண்டும். சப்பாத்தி சுட்ட கல்லில் ஊற்றிய தோசையும் பூரி பொரித்த எண்ணெயில் போட்ட வடையும் அவருக்கு ஆகாது.

அரிசிச் சோறு மட்டும் போதுமா?

கோதுமையை விட்டுவிட்டு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிட்டால் குடல் ஆறும், உடம்பு தேறாது. இவர்கள் பல மாதங்களாக இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி எல்லாம் இழந்து நிற்பவர்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் ஒன்றுகூட இல்லை.

ஆனால், சிறுதானியத்தில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது. அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது எல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. இரவே கரைத்துவைத்த கூழ் வெறும் ருசிக்காக வந்த பழக்கமில்லை. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது வீணாகும். முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு தினமும் வேண்டும். ஆரம்பத்தில் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும். குடல் ஆறும்வரை தயிர், மோர் என்று மாற்றிக்கொள்ளலாம். சில வாரங்களில் தெம்பு தெரியும். குடல் முழுதாக ஆற மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். மருத்துவர் தரும் சத்து மாத்திரைகளை அதுவரை நிறுத்தக் கூடாது.

விற்பவர்களுக்கு...

சிறுதானிய மாவு விற்கும் சுயஉதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சடிக்க ஆசைப்படுவது இயல்பு. தானியத்தில் குளூட்டன் இல்லை என்பது உண்மை. ஆனால் வாங்குகிறவர் சாப்பிடப்போவது மாவை. களத்திலிருந்து வீட்டுக்கு வரும்வரை மைதா வந்த பழைய சாக்கில் கட்டினாலோ, கோதுமை அரைக்கும் மெஷினில் அரைத்தாலோ அந்த வார்த்தை பொய்யாகிவிடும். புதுச் சாக்கு, கோதுமையே நுழையாத தனி மெஷின், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் குளூட்டன் பரிசோதனை ஆகிய மூன்றும் இருந்தால் அச்சடிக்கலாம். இல்லையென்றால், ‘கோதுமையும் அரைக்கும் இயந்திரத்தில் அரைத்தது’ என்று பாக்கெட்டில் ஒரு வரி போட்டுவிட வேண்டும். அந்த வரியைப் பார்த்து, மாவுக்குப் பதிலாக முழுக் கேழ்வரகை வாங்கிப்போய், பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைத்துக்கொள்வார்கள். வியாபாரம் அதனால் குறையாது.