கொறங்காடும் வறட்சியும்

மழை பொய்க்கும் ஆண்டில் எந்த மேய்ச்சல் நிலம் தாக்குப் பிடிக்கும்? அவிநாசிபாளையம், காங்கயம், தாராபுரம் பகுதிகளில் ஆடு மாடு வளர்ப்போர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இது. இதற்கு விடை தரும் ஆராய்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டில் நடைபெற்றுள்ளது.

அங்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குச் சீடர் கிரீக் என்னுமிடத்தில் சுமார் 5,500 ஏக்கர் பரப்புள்ள இயற்கைக் காப்பு நிலம் சொந்தமாக இருக்கிறது. அதனை ஆராய்ச்சிக்கென்றே பேணி வருகின்றனர். டேவிட் டில்மன் என்னும் அறிஞர் 1982-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, தழைச்சத்தை வெவ்வேறு அளவில் இட்டு, ஆண்டுதோறும் விளைவை நிறுத்துக் கணக்கிட்டார். உரம் மிகுந்த பாத்திகளில் பல செடிவகைகள் மறைந்து, சில வகைகளே ஓங்கின. 1987, 1988 ஆண்டுகளில் கடும் வறட்சி வந்தது. பலவகைப் புல் பூண்டுகள் நிறைந்த பாத்திகளில் விளைவு ஏறக்குறையப் பாதியாயிற்று. வகை குறைந்த பாத்திகளிலோ, எட்டில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவே எஞ்சியது. இம்முடிவு 1994-இல் வெளியாயிற்று.

காரணம் எளிது. எல்லாச் செடிகளும் ஒரே அளவில் வறட்சியைத் தாங்குவதில்லை. பல வகைகள் இருப்பின், ஒன்று வாடும்போது மற்றொன்று அதன் இடத்தை நிரப்புகிறது. பயறு வகைச் செடிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. அந்நாடு குளிர் மிக்கது. அங்குள்ள புல்வகைகளும் வேறு. ஆயினும் இக்காரணம் நம் நிலத்துக்கும் பொருந்துவதே.

நம் முன்னோர் அமைத்த கொறங்காட்டை நோக்குவோம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அதனூடே நரிப்பயறு, மேலே நிழல் தரும் வெள்வேல மரம். புல் காயும் கோடையில் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனியாகிறது. வேலி இருப்பதால் ஒரு காட்டை மேயவிட்டு, மற்றொன்றை அடைத்துத் தழையவிட முடிகிறது. காங்கயம் மாட்டினம் இத்தகைய மேய்ச்சலில் வளர்ந்ததே.

இன்று இந்நிலங்கள் பல வீட்டுமனைகளாக மாறுகின்றன. கம்பிவேலி வந்த இடத்தில் கிளுவை மறைகிறது. ஒருமுறை அழிந்த பழம் புல்வெளியை மீண்டும் உண்டாக்கப் பல்லாண்டுகள் ஆகும்.

ஆகவே விவசாயிகள் வேலியின் இடைவெளிகளில் கிளுவைப் போத்துகளை நடுக. புல் விதை உதிரும்வரை ஒரு பகுதியை மேய்க்காது விடுக. புதிதாக விதைப்போர் புல்லுடன் பயறு வகைகளையும் கலந்து விதைக்க வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள், 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி அமையும் ஊராட்சிக் குழுவின் வாயிலாக, தம் ஊர்க் கொறங்காடுகளையும் அவற்றிலுள்ள புல், மர வகைகளையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் பதிவு செய்தல் வேண்டும். எங்கே எது இருக்கிறது என்று அறிந்த ஊரே அதைக் காக்க இயலும். அடுத்த வறட்சி வருமுன் இப்பணியை முடிப்போமாக.