கணப்படுப்பில் ஹீட்டர்: சாயாமல் நிறுத்துவோம்

நீலகிரி போன்ற மலைப்பகுதிகளின் பழைய வீடுகளில், முன்பு விறகு எரிந்த கணப்படுப்பினுள் இப்போது மின்சார ஹீட்டரை வைத்துக் குளிர் காய்கின்றனர். சுவர்க்குழிக்குள் இருப்பதாலேயே அது பாதுகாப்பானது என்று கருத இயலாது. தடுமாறி நடக்கும் முதியவர் பற்றிக்கொண்டால் அது சாயும். நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவருக்கோ, சூடு தெரியுமுன்பே தோல் வெந்துவிடும். ஆகவே, நோயாளி வீடு திரும்புமுன் பின்வருவனவற்றைச் செய்து முடிக்குமாறு குடும்பத்தாரை வேண்டுகிறோம்.

சாம்பலையும் கரியையும் அகற்றி, ஹீட்டரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மழைநீர் இறங்காதபடி புகைபோக்கியை மூடுங்கள். மூடியபின் அங்கே விறகோ கரியோ எரித்தல் கூடாது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அறையிலேயே தங்கிவிடும்.

ஹீட்டருடன் சுவர்த்தாங்கி தரப்பட்டிருந்தால், அதனைத் திருகாணியால் சுவரில் உறுதியாகப் பொருத்துங்கள். இல்லையெனில், அசையாத இரும்புக் கம்பித் தடுப்பை முன்னே அமையுங்கள். ஹீட்டரில் புதிதாகத் துளையிடுவதும் காற்றுத் துவாரங்களை மறைப்பதும் ஆபத்து.

2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். கட்டிலும் திரைச்சீலையும் நோயாளியின் நாற்காலியும் 1 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். உறங்குமுன் அணைத்துவிடுங்கள்.

தீக்காயம் நேர்ந்தால், குழாய்நீரை 20 நிமிடங்கள் அதன்மீது ஓடவிடுங்கள். பற்பசையோ மையோ தடவாமல், சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். வலி இல்லை என்பதால் காயம் சிறியது என்று எண்ண வேண்டாம்.