எம்பிரஸ் சொகுசுக் கப்பலும் விழுப்புரம் கடற்கரையும்

எம்பிரஸ் என்பது கார்டீலியா குரூசஸ் நிறுவனம் இந்தியக் கடற்பகுதியில் இயக்கும் சொகுசுப் பயணக் கப்பல் ஆகும். 2022 ஜூன் மாதம் முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பயணம் மேற்கொண்டது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே செல்லும் கப்பல்கள் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரைக்கு அப்பால் கடந்து செல்கின்றன. எனினும் இத்தகைய கப்பலில் ஏற விரும்பும் திண்டிவனம், விழுப்புரம் மக்கள் சென்னைக்கே செல்ல வேண்டும். அருகிலேயே கடல் இருந்தும் கப்பல் ஏன் இங்கு நிற்பதில்லை என்பதை அறிய, கப்பலையும் கடற்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயணக் கப்பலும் சொகுசுக் கப்பலும்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது பயணிகள் கப்பல். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் இவ்வகையைச் சேர்ந்தது. 1966-இல் பிரான்சில் பாஸ்டர் என்ற பெயரில் கட்டப்பட்ட அக்கப்பலை இந்தியக் கப்பல் கழகம் 1972-இல் வாங்கியது. 1985 பிப்ரவரியில் ஏற்பட்ட தீ விபத்துடன் அதன் சேவை முடிந்தது. வேலைக்கும் உறவினரைக் காணவும் சென்றவர்களே அதில் மிகுதி.

சொகுசுக் கப்பலின் நோக்கம் வேறு. அதில் கப்பலே சுற்றுலாத் தலம். புறப்பட்ட துறைமுகத்துக்கே பெரும்பாலும் திரும்பி வரும். விமானப் பயணம் பரவியதும் முதல் வகைக் கப்பல்கள் குறைந்து, இரண்டாம் வகை வளர்ந்தது.

வரலாறு

எம்பிரஸ் கப்பல் பிரான்சின் சான் நசேர் நகரில் கட்டப்பட்டு, 1990-இல் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் சேவைக்கு வந்தது. மூன்று, நான்கு இரவுகள் கொண்ட குறுகிய பயணங்களுக்காகவே இது வடிவமைக்கப்பட்டது. 2004-இல் எம்பிரஸ் ஆஃப் தி சீஸ் எனப் பெயர் மாறியது. 2008-இல் ஸ்பெயின் நாட்டின் புல்மாந்தூர் நிறுவனத்துக்குச் சென்று, 2016-இல் ராயல் கரீபியனுக்குத் திரும்பியது.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் சொகுசுக் கப்பல் தொழில் முடங்கியது. 1990-இலேயே சேவைக்கு வந்த மற்றொரு கப்பலான கர்ணிகா, இந்தியாவில் ஜலேஷ் நிறுவனத்தால் இயக்கப்பட்டு வந்தது. அது 2020-இல் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்படுவதற்காகக் கரையேற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் விற்கப்பட்ட எம்பிரஸ் கப்பலுக்கோ மறுவாழ்வு கிடைத்தது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து பயணங்களைத் தொடங்கியது.

சிறப்புகள்

கப்பலின் நீளம் சுமார் 211 மீட்டர். அகலம் சுமார் 31 மீட்டர். மொத்தக் கொள்ளளவு 48,563 டன். இங்கு டன் என்பது எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளிட அளவைக் காட்டும் குறியீடு. ஒப்பிட்டுப் பார்த்தால், 2024-இல் சேவைக்கு வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் இதைப் போல் ஐந்து மடங்கு பெரியது.

எம்பிரஸில் ஏறத்தாழ 800 அறைகள் உள்ளன. உணவகங்கள், நீச்சல் குளம், அரங்கம், உடற்பயிற்சிக் கூடம், சிறுவர் விளையாட்டு இடம் ஆகியவையும் உண்டு. இத்தகைய கப்பல் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்கிறது. கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்கிறது. கழிவுநீரைக் கரையோரத்தில் அப்படியே வெளியேற்றப் பன்னாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. பயணம் தொடங்குவதற்கு முன்போ தொடங்கியவுடனோ, உயிர்காப்புப் படகில் ஏறவேண்டிய இடத்தைப் பயணிகளுக்குக் காட்டும் பயிற்சியும் கட்டாயம்.

தமிழகக் கடலில்

2022 ஜூன் 4 அன்று தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் இக்கப்பலின் பயணத்தைத் தொடங்கி வைத்தார். விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் பயணத் திட்டத்தில் இருந்தன. சொகுசுக் கப்பலில் உள்ள சூதாட்டக் கூடத்தைக் காரணம் காட்டிப் புதுச்சேரியில் அரசியல் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. கப்பல் புதுச்சேரிக் கடற்பகுதிக்கு வந்தும் பயணிகள் கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து இலங்கைக்கான பயணம் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குக் கப்பல் சென்றது.

விழுப்புரம் கடற்கரை

இக்கரை கப்பல் காணாத கரையன்று. சிறுபாணாற்றுப்படையின் தலைவனான நல்லியக்கோடன் ஓய்மா நாட்டை ஆண்டவன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அக்காலக் கலங்களுக்குக் கழிமுகமும் மணற்கரையும் போதுமானவை. எம்பிரஸ் போன்ற கப்பலின் அடிப்பாகமோ நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 7 மீட்டர் வரை இறங்கியிருக்கும். அதற்கு அதைவிட ஆழமான நீர்ப்பாதையும், அலை தாக்காத தளமும் வேண்டும். மரக்காணம் கரையில் அவை இல்லை.

புதுச்சேரியிலும் பெரிய கப்பல்கள் கரையை அணைய முடியாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் கடலில் நங்கூரமிட, ஆட்களும் சரக்குகளும் படகுகளில் கரை சேர்ந்தன. இன்றும் சொகுசுக் கப்பல் கடலில் நின்றால், பயணிகளைச் சிறு படகுகளே கொண்டு வர வேண்டும்.

ஆழமான துறைமுகம் கட்டினால் போதாதா என்ற கேள்வி எழலாம். இக்கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. கடலுக்குள் கல்தடுப்பு நீட்டினால் மணல் அதன் தென்புறம் தேங்கும். மணல் வரத்து குறைந்த வடகரையைக் கடல் அரிக்கும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் அமைத்த பின் இதுவே நடந்தது. நகரின் மணற்கரை மறைந்தது. அரிப்பு வடக்கே பரவி, விழுப்புரம் மாவட்டத்தின் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களைப் பாதித்தது. படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் இருந்த மணல் குறைந்தது. கரையோர வீடுகளும் இடிந்தன.

ஆகவே சொகுசுக் கப்பல் ஒரு கரைக்கு வருவது அதன் அறைகளையும் அரங்குகளையும் மட்டும் பொறுத்ததன்று. நீரின் ஆழம், அரசின் அனுமதி, மணலின் ஓட்டம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. வருவாயும் வேலைவாய்ப்பும் துறைமுகம் உள்ள ஊருக்குக் கிடைக்கலாம். மணல் இழப்போ அதற்கு வடக்கே உள்ள ஊர்களைச் சேர்கிறது. இக்கரையில் புதிய துறைமுகம் எதையும் திட்டமிடும்போது, வடக்கே உள்ள ஊர்களின் மணலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே புதுச்சேரி தரும் பாடம்.