உஷார்! மெமரி கார்டை அழிக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்

கையில் உள்ள வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். முக்கியமாக, சட்டைப்பைக்குள் அடங்குகிற குட்டி வீடியோ கேமரா வைத்திருப்பவர்கள். கல்யாணம், வளைகாப்பு, பேரப்பிள்ளையின் முதல் நடை என்று ஆசை ஆசையாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறீர்கள். எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பாவுக்கு 80 வயது. திருக்கடையூரில் சதாபிஷேகம். மகன் வாங்கிக்கொடுத்த கேமரா இருக்கிறதே என்று வீடியோவுக்குத் தனியாக ஆள் வைக்கவில்லை. முழுக்க இவரே எடுத்தார். கலச நீர் தலையிலிருந்து வழிய வழிய, அப்பா அம்மா பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். அம்மாவுக்கு ஒரே வெட்கம். அன்று இரவு தங்கிய விடுதியில், கேமராவின் தீப்பெட்டி அளவுத் திரையைச் சுற்றி உட்கார்ந்து குடும்பமே அதைப் பார்த்தது.

ஊர் திரும்பியதும் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு காப்பி செய்தார். பொறுப்பான காரியம்தான். ஆனால் கடைசி ஃபைல் ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கிடையாது. கரண்ட் வந்ததும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். எல்லா ஃபைலின் பெயரும் இருந்தது. அளவும் சரியாகக் காட்டியது. மூடிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. கார்டை ஃபார்மேட் செய்தார். அதே கார்டில் மூன்று மணி நேரம் எடுத்தார்.

நான்கு மாதத்தில் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தபோது அம்மாதான் கேட்டிருக்கிறார்: "அந்த அபிஷேகம் எடுத்தியே, அதைப் போடுடி."

போட்டார். கரண்ட் போனபோது ஏறிக்கொண்டிருந்த அதே கடைசி ஃபைல். திரை கறுப்பாகவே நின்றது.

பெயர் இருந்தால் வீடியோ இருக்கிறது என்று அர்த்தமில்லை. அளவு சரியாகக் காட்டினாலும் அர்த்தமில்லை. பெரிய ஃபைலை ஏற்றத் தொடங்கும்போதே அதற்கு வேண்டிய முழு இடத்தையும் கம்ப்யூட்டர் ஒதுக்கி வைத்துவிடுவது உண்டு. பந்தியில் வரிசையாக இலை போட்டு வைப்பது மாதிரி. நடுவில் கரண்ட் போனால் இலை இருக்கும், சோறு இருக்காது. அந்தப் பெண் பார்த்தது வெறும் இலையை.

அதன்பின் வீடியோ மீட்டுத் தரும் கடை ஒன்றுக்கு ஓடினார். அங்கே சொன்னதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். டெலிட் செய்தாலோ, கேமராவில் சாதாரணமாக ஃபார்மேட் செய்தாலோ, பெரும்பாலும் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு மட்டும்தான் அழிகிறது. வீடியோ இன்னும் கார்டிலேயே கிடக்கும். அதன்மேல் புதிதாக எதையாவது எடுத்தால்தான் நிஜமாகவே போகும். இவர் மூன்று மணி நேரம் எடுத்திருந்தார். மஞ்சள் நீராட்டு அப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. திரும்பி வரவில்லை.

தவறுதலாக அழித்துவிட்டீர்களா? அந்த நொடியே நிறுத்துங்கள்! கார்டை வெளியே எடுங்கள். இன்னும் ஒரே ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, விவரம் தெரிந்தவரை வைத்து முயன்று பார்க்கலாம். ஆனால் மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. வேறு டிஸ்க்கில்தான்.

இனி ஆபத்து எந்தெந்த ரூபத்தில் வரும் என்று பாருங்கள்.

"ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். கம்ப்யூட்டர் கேட்கும், டிவி கேட்கும், சில நேரம் கேமராவே கேட்கும். பதற்றத்தில் 'ஆம்' என்று அழுத்திவிடாதீர்கள்! 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகின்றன. பழைய கம்ப்யூட்டர் சிலவற்றுக்கும் டிவி சிலவற்றுக்கும் அதைப் படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாததை அது காலி செய்யப் பார்க்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேமரா தானாக நிற்கிறதா? கார்டு பிழை என்று ஒரு தடவை காட்டிவிட்டு, அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டதா? சரியாகவில்லை. கார்டு எச்சரித்திருக்கிறது. அதில் உள்ளதை அன்றைக்கே எடுத்துவிட்டு அதைத் தூரப் போடுங்கள். புதுக் கார்டின் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

விலை மலிவாகக் கிடைத்த 1 டிபி கார்டு. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே கொஞ்சம்தான் இடம் இருக்கும். வெளியே 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். கேமரா அதை நம்பி எழுதிக்கொண்டே போகும், சிவப்பு விளக்கு எரியும், நிமிடம் ஓடும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எடுத்தது எதுவும் தங்காது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்க்கும் வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது! எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, குட்டை உடைத்துவிடும். புதுக் கார்டை இப்படிச் சோதிக்காமல் விசேஷத்துக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள்.

பேட்டரி சாகும் வரை எடுக்காதீர்கள். எம்பி4 வீடியோவுக்கு ஒரு பொருளடக்கம் உண்டு. பல கேமராக்கள் நீங்கள் நிறுத்தும்போதுதான் அதை எழுதி முடிக்கும். அதற்கு முன் பேட்டரி போனாலோ கார்டை உருவினாலோ, எடுத்ததெல்லாம் உள்ளே இருந்தும் திறக்காது. நீளமாக ஒரே மூச்சில் எடுக்காமல் விட்டு விட்டு எடுங்கள்.

சில கேமராக்கள் ஒவ்வொரு வீடியோவோடும் தரம் குறைந்த சின்னப் பிரதி ஒன்றையும் போட்டு வைக்கும். கோப்ரோவில் அதன் பெயர் எல்ஆர்வி என்று முடியும், டிஜேஐயில் எல்ஆர்எஃப் என்று. சீக்கிரம் ஏறுகிறதே என்று அதை மட்டும் காப்பி செய்துவிட்டு அசலை அழித்தவர்கள் உண்டு. எம்பி4 என்று முடிகிறதா என்று பாருங்கள்.

பென் டிரைவில் இடம் இருந்தும் வீடியோ ஏற மறுத்தால், அது பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதற்காக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வீடியோவாக அனுப்பினால் சுருக்கி, நசுக்கித்தான் அனுப்பும்.

"எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கிறது" என்கிறீர்களா? 2021 ஜூன் 1 முதல் அங்கே ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி இலவச இடத்தின் கணக்கில் சேர்கிறது, அதுவும் உங்கள் மெயிலோடு பங்கு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுக்கும் கேமரா ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி நிரப்பும்! கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: போனில் இடம் வேண்டும் என்று அந்தச் செயலிக்குள் போய் அழித்தால் கூகுளில் இருப்பதும் அழியும்.

நிறுவனத்தை நம்பிச் சும்மா இருந்துவிடவும் முடியாது. ஃபிளிப் என்று ஒரு குட்டி கேமரா இருந்தது. கார்டே கிடையாது, உள்ளுக்குள்ளேயே பதிவாகும், யூஎஸ்பி முனை மடக்குக் கத்தி மாதிரி வெளியே வரும். அமெரிக்காவில் அவ்வளவு பிரபலம். சிஸ்கோ நிறுவனம் 2009இல் அதை வாங்கியது, 2011இல் மூடியது. வீடியோவைப் பகிர வைத்திருந்த ஃபிளிப்ஷேர் இணையச் சேவைக்கும் 2013 டிசம்பர் 31 கடைசி நாள் என்று குறித்துவிட்டது.

சரி, என்னதான் செய்வது? 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். கார்டு அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும், அதைத் தள்ளிவிட்டுச் செருகுங்கள், கை தவறினாலும் பெரும்பாலும் அழியாது. 45 ஜிபி ஏற, பழைய யூஎஸ்பி 2.0 வழியில் நன்றாக ஓடினாலே 25 நிமிடம் பிடிக்கும். பக்கத்திலேயே இருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜில் போடுங்கள். முடிந்ததும் கார்டை வெளியே எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் உள்ள வீடியோவை ஓட்டிப் பாருங்கள். தொடக்கம், நடு, கடைசி நிமிடம். கடைசி நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்! பிறகு தனி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி. இரண்டு இடத்திலும் ஓடியது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். அதையும் கேமராவிலேயே செய்யுங்கள்.

அந்த இரண்டு பிரதிகளையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது லேப்டாப் வேறு, ஹார்ட் டிஸ்க் வேறு என்று பார்த்தா நனைத்தது? மூன்றாவது பிரதி ஒன்று அக்கா வீட்டிலோ, சம்பந்தி வீட்டிலோ இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கும் சும்மா கிடந்தாலே கெடலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது இணைத்து ஓட்டிப் பாருங்கள்.

அந்த அபிஷேகத்தில் அந்தப் பெண்ணிடம் இப்போது மிஞ்சியிருப்பது நாற்பது வினாடி. விடுதியில் எல்லோரும் கேமராவைச் சுற்றி உட்கார்ந்திருந்த இரவு, சித்தப்பா மகள் ஒருத்தி அந்தக் குட்டித் திரையைத் தன் போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாளாம். படம் ஆடுகிறது. ஓரத்தில் யாருடைய விரலோ மறைக்கிறது. அப்பா சொன்னது சரியாகக் கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கேட்கிறது. அந்த நாற்பது வினாடியை அவர் மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்.