செம்பூருக்கு முதலில் வந்தது கச்ரா வண்டி

மும்பைத் தமிழரிடம் செம்பூரைப் பற்றிக் கேட்டால் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளையும் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி கச்சேரிகளையும் சொல்வார்கள். அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்றால், வெறும் சேறும் புல்லும்தான், நகரம் வந்துதான் ஊரை வாழவைத்தது என்பார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. செம்பூர், காட்லா, போர்லா, மாஹுல் எல்லாமே ஆக்ரி சமூகத்தார் நெல்லும் உப்பும் விளைவித்த, கோலி சமூகத்தார் மீன்பிடித்த கிராமங்கள். ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே இன்னொன்று வர முடியாத காட்லாவின் சந்துகள் இன்றைக்கும் பழைய கிராமத்தின் அளவிலேயே இருக்கின்றன. மும்பை தனக்கு ஆகாததைத் தள்ளிவிட இந்தக் கிராமங்களைக் கொல்லைப்புறமாக ஆக்கிக்கொண்டது என்பதுதான் இந்த ஊரின் வரலாறு.

1896-இல் பிளேக் வந்து நகரம் நடுங்கியது. மறு ஆண்டே மாநகராட்சி குப்பை கொட்டுவதற்காகச் செம்பூரை ஒட்டிய தேவ்னார் சதுப்பை வாங்கியது. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-இல் ரயில் தடம் போட்டதும் கச்ராவுக்காக, அதாவது குப்பைக்காகத்தான். பயணிகள் அதில் ஏற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1947-க்குப் பின் சிந்தி அகதிகளின் முகாம்கள் வந்தன. 1954, 1955-இல் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 1956-இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை, பிறகு உரத் தொழிற்சாலை. நிலம் மலிவு என்பதால் வந்தன, இதில் சதி என்ன என்று கேட்கலாம். சதி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் குப்பைத் தடம் போட்டபோது செம்பூர் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. தானே மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்குள் சேர்ந்தது 1950-இல்தான். கொட்டுவதை முடிவு செய்த சபையில் கொட்டப்பட்ட ஊருக்கு வாக்கே கிடையாது. நிலம் மலிவாகக் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு.

இந்த ஆலைகளால்தானே தமிழர் பகுதியான மாட்டுங்காவில் இடம் கிடைக்காத தமிழ்க் குடும்பங்கள் செம்பூரில் காலூன்றின என்பது இன்னொரு வாதம். நியாயமான வாதம்தான். அணுசக்தி மையமும் உரத் தொழிற்சாலையும் நம்மவர்கள் பலருக்குச் சோறு போட்டன. கோயிலும் சபாவும் அந்தச் சம்பளத்தில் எழுந்தவை. ஆனால் சம்பளம் ஒரு வீட்டுக்கும் புகை இன்னொரு வீட்டுக்கும் போனால் கணக்கு நேராகிவிடுமா? நிலத்தைக் கிராமத்தாரே விற்றார்கள் என்பதும் முழுப் பதில் ஆகாது. விற்றவர்கள் இருந்தார்கள், உப்பளத்தில் கூலிக்கு உழைத்தவருக்கும் வலை வீசியவருக்கும் விற்க எதுவும் இருக்கவில்லை.

தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றி, அந்த ஆலைகளின் புகை சூழ்ந்த மாஹுலில் குடியமர்த்தப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். காற்று அவ்வளவு மோசமான இடத்தில் வாழ அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. அதே காற்றைச் சுவாசிக்கும் மாஹுலின் பழைய குடிகளுக்கு அந்த உத்தரவு பொருந்தாது.