ஊரே மருந்து: வன்னியின் மனக்காயமும் கூட்டு நலமும்

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தபோது வடக்கின் வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் இருந்தது வவுனியா செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது என்று வரும் ஒருவரை மருத்துவர் தனியே இருத்திக் கதைக்கலாம், மாத்திரை கொடுக்கலாம். அவருடைய அயலவர், ஆசிரியர், கிராம சேவையாளர், கோயில் ஐயர் எல்லோரும் அதே நிலையில் இருந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று பார்த்தார். வன்னி மக்களைப் பற்றிய அவரது ஆய்வு 2010இல் வெளிவந்தது. போர் மனிதரின் மனத்தோடு குடும்பத்தையும் அயலையும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கத்தையும் சேர்த்தே உடைத்தது. ஆகவே சிகிச்சையும் ஊர் முழுவதற்கும் வேண்டும் என்பது அதன் சாரம். ஊரின் சடங்குகளையும் கலைகளையும் மீட்பதும் அந்தச் சிகிச்சையில் அடங்கும்.

மீள்குடியேறிய ஊர்களிடம் அந்த மருந்து ஏற்கனவே இருந்தது. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் முன்னதாகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு எரிப்பார்கள். 2004 ஆழிப்பேரலை எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன அதே கரையோரம்தான் அது. போர் எங்கெங்கோ சிதறடித்த சனம் பொங்கல் நாளான திங்கட்கிழமை ஒரே வீதியில் கூடுகிறது. காவடி எடுக்கிறவர் அழலாம், உருவாடலாம். யாரும் அவரை நோயாளி என்று பார்ப்பதில்லை.

கூத்தும் இப்படித்தான். முல்லை மோடியில் ஆடப்படும் கோவலன் கூத்தைப் பழக மாதக்கணக்கில் இரவுகளில் கூடவேண்டும். அண்ணாவியாரின் தாளத்துக்குக் கிழவரும் இளையவரும் ஒன்றாகக் கால்வைப்பார்கள். கதைக்க ஆளில்லாத இளைஞனுக்கு அந்தக் கொட்டகையில் ஒரு வேலையும் ஒரு வட்டமும் கிடைக்கின்றன. எந்த மருந்துச்சீட்டிலும் இதை எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனால் ஊரின் கைக்கு எட்டாத புண் ஒன்று இருக்கிறது. செத்தவீடு, எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று எங்கள் முன்னோர் துக்கத்துக்கு ஒரு படிவரிசை வகுத்தார்கள். ஒப்பாரி சொல்லி அழவும், பிறகு மெல்ல எழும்பவும் அது இடம் தந்தது. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் இந்த வரிசை தொடங்குவதே இல்லை. பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்று மனைவிக்குத் தெரியாது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடர்போராட்டம் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது தொடர்ந்தது. அந்தப் பந்தல்கள் ஒருவரையொருவர் தாங்கும் இடங்களாகவும் ஆகின. ஆனாலும் பதில் தெரியாமலேயே பல பெற்றோர் இறந்துபோனார்கள்.

ஊர் தன் காரியங்களைத் தானே ஆளும்போது என்ன நடக்கும் என்பதற்குத் தொலைவில் ஒரு சான்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதற்குடிகளின் இளைஞர் தற்கொலை பற்றி மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டோபர் லலோண்டும் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. தன்னாட்சி, காணி உரிமை, கல்வி, சுகாதாரம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டு நிலையம் ஆகிய ஆறும் சொந்தக் கையில் இருந்த சமூகங்களில், ஆய்வுக்குரிய ஐந்தாண்டுகளில் ஓர் இளைஞர்கூடத் தற்கொலை செய்யவில்லை. 2013இல் அந்த மாகாணத்தின் முதற்குடிகள் தங்கள் சுகாதாரப் பணிகளையே பொறுப்பேற்றார்கள்.

இந்தக் கணக்கு வன்னிக்கும் பொருந்தும். விமானப்படை பிடித்துவைத்திருந்த காணிக்காகக் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதம் தெருவில் கிடந்து, 2017 மார்ச் 1 அன்று உள்ளே போனார்கள். அதுவும் ஒரு சிகிச்சைதான். இதற்கு மாறாக, 2024 மே மாதத்தில் கிழக்கே சம்பூரில், போரில் இறந்தோரை நினைவுகூர முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கிய பெண்கள் கைதானார்கள். ஒன்றாக அழுவதைத் தடுப்பது நோயை வளர்ப்பது. சுகாதாரத்தைச் சொந்தக் கையில் எடுக்க இங்கும் வழி இருந்தது: அது மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். ஆனால் வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் இல்லாமல் ஆண்டுகள் கழிந்தன.

செய்யவேண்டியவை தெளிவானவை. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய உண்மையை அரசு சொல்லட்டும். எஞ்சிய காணிகளை விடட்டும். ஒவ்வொரு கிராமத்திலும் உள்ளூர்ப் பெண்களுக்கு உளநலப் பணியில் பயிற்சியும் நிரந்தரச் சம்பளமும் கொடுக்கட்டும். புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள்: கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை உங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கும் கூத்துக் கொட்டகைக்கும் இந்த ஆண்டே அனுப்புங்கள்.