கணிப்பொறிக்குள் ஓடும் வேலைகள்

கணிப்பொறித் திரை திடீரென்று அசையாமல் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? விசைப்பலகையை நாலு தட்டுத் தட்டுகிறோம். அப்படியும் அசையாவிட்டால் மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறோம். ஒருத்தி பேசினாள் என்பதற்காக வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்துவது போன்றதுதான் இது. குறும்பு செய்வது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் நிறுத்த வழி உண்டு. அதற்குப் படங்களும் சுட்டியும் வேண்டா. விசைப்பலகையில் தட்டும் சில சிறு கட்டளைகள் போதும்.

எங்கள் வீட்டில் இருப்பது சித்தியின் மடிக்கணிப்பொறி. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணிப்பொறித் திட்டத்தில், சித்தி பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது கிடைத்தது. அந்தப் பொறியில் விண்டோசுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயக்க அமைப்பும் இருக்கிறது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவினர் உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. லினக்ஸ் என்பதோ, 1991-ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கியது. அவர் பின்பற்றியது, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் முறையை. ஆகவே நான் சொல்லப்போகும் கட்டளைகளில் சில என் அம்மாவைவிட வயதில் மூத்தவை!

சித்தியின் பொறி பழையது, நினைவகம் குறைவு. ஆனால் எங்கள் தெரு மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. சித்தி மாதக் கணக்கை எழுதும் நேரம் பார்த்து, இணையம் பார்க்கும் நிரல் நினைவகத்தையெல்லாம் விழுங்கித் திரையை நிறுத்திவிடும். அப்போது மின்விசையை அணைத்தால் இணைய நிரலோடு சேமிக்காத கணக்கும் போய்விடும். பதினான்கு பேருடைய பணம் அது. மறுபடி வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். நிரல் என்பது வட்டில் எழுதி வைக்கப்பட்ட கட்டளைத் தொகுப்பு. அதைச் சமையற்குறிப்பு எழுதிய தாளுக்கு ஒப்பிடலாம். தாள் தானாக வேகாது. அடுப்பில் ஏற்றினால்தான் சமையல். அப்படி அடுப்பில் ஏறி ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத்தான் 'பிராசஸ்' என்கிறார்கள். நான் அதை 'வேலை' என்றே எழுதுகிறேன். ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு மூன்று அடுப்பில் சமைத்தால் அவை மூன்று வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் லினக்ஸ் ஓர் எண் கொடுக்கிறது. பொறி தொடங்கியதும் பிறக்கும் முதல் வேலைக்கு எண் 1. மற்ற வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் வேலை உண்டு. தாய் முடிந்து பிள்ளை தனித்துப் போனால், பெரும்பாலும் அந்த 1-ஆம் எண்ணே அதைத் தத்தெடுத்துக்கொள்ளும்.

சும்மா இருக்கும் பொறியில்கூட நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள் இருக்கக் காணலாம். நம் ஆழ்வார்திருநகரிக் கோயிலின் உறங்காப்புளியைப் போல இவையெல்லாம் இரவும் பகலும் விழித்திருக்குமோ என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. சாதாரணப் புளியமரம் அந்தியில் இலைகளை மடித்துக்கொள்வது போல, இவற்றில் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டே இருக்கின்றன. விசை தட்டப்படும்போதோ, இணையத்திலிருந்து செய்தி வரும்போதோ விழித்து, நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் ஓடிவிட்டு மறுபடி உறங்கும். எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது போல நமக்குத் தோன்றுவது இந்த வேகத்தால்தான்.

இனித் திரை நின்றுவிட்ட இடத்துக்கு வருவோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் படங்கள் மறைந்து கறுப்புத் திரை வரும். நினைவகம் நிரம்பியிருந்தால் இது வருவதற்கே சில நிமிடம் ஆகலாம், பொறுமை வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்து 'டாப்' என்று தட்ட வேண்டும். (கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள், நான் ஒலியை மட்டும் எழுதுகிறேன்.) ஓடும் வேலைகளின் பட்டியல் ஒன்று வந்து, சில நொடிக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும். பெரிய எழுத்து 'எம்' தட்டினால் அதிக நினைவகம் தின்னும் வேலை முதலில் நிற்கும். அதன் இடப்பக்க ஓரத்தில் உள்ளதே அதன் எண். ஒருமுறை மட்டும் பட்டியல் பார்த்தால் போதும் என்றால் 'பி.எஸ்.' என்னும் கட்டளை உண்டு.

நிறுத்துவதற்கான கட்டளையின் பெயர் 'கில்', அதாவது 'கொல்'. இந்தப் பெயர் சரியில்லை என்பது என் கருத்து. ஏனென்றால் அது யாரையும் கொல்வதில்லை. ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது, அவ்வளவே. முன்னாளில் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் மேலே வர வேண்டுமென்றால் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பார்களாம். தோணியில் நிற்பவர் புரிந்துகொள்வார். இங்கும் அப்படித்தான். பேச்சு இல்லை, ஓர் எண் மட்டும் போகும். 'கில் 2345' என்று தட்டினால் 2345-ஆம் வேலைக்கு 15 என்ற சமிக்ஞை போகிறது. 'தயவுசெய்து முடித்துக்கொள்' என்பது அதன் பொருள். ஒழுங்காக எழுதப்பட்ட நிரல், இதைப் பெற்றதும் திறந்து வைத்த கோப்புகளை மூடி, தற்காலிகக் குப்பைகளை அகற்றிவிட்டு விடைபெறும்.

இதற்கும் செவிசாய்க்காத வேலைக்கு 'கில் -9 2345' உண்டு. 9 என்ற சமிக்ஞை அந்த வேலையின் காதுக்குப் போவதே இல்லை. இயக்க அமைப்பே அதைப் பிடித்து அப்புறப்படுத்துகிறது. ஆதலால் எதையும் சேமிக்கவோ மூடவோ அதற்கு நேரம் கிடைக்காது. பலர் முதலிலேயே 9-ஐத் தட்டிவிடுகிறார்கள். சித்தி அப்படிச் செய்வதில்லை. முதலில் 15 அனுப்பி, பத்து வரை எண்ணி, பட்டியலை மறுபடி பார்த்த பிறகே 9-க்குப் போவார்கள். இணைய நிரலில் திறந்திருக்கும் பக்கங்களுக்குத் தனித்தனி வேலைகள் இருப்பதுண்டு. அப்போது கனத்த பக்கத்தை மட்டும் நிறுத்தினாலே திரை விடுபட்டுவிடும். கணக்கு நிரல் நடந்தது ஏதும் அறியாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால்? நினைவகம் அறவே தீர்ந்ததும் லினக்ஸே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து 9-ஐ அனுப்பிவிடும். அது தேர்ந்தெடுப்பது கணக்காகவும் இருக்கலாம் அல்லவா?

எண்ணைத் தட்டும் முன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. முடிந்துபோன வேலையின் எண் பிறகு வேறொன்றுக்குக் கொடுக்கப்படும். பிறருடைய வேலையை நாம் நிறுத்த முடியாது என்பது ஓர் ஆறுதல். ஒரே பொறியைப் பலர் பயன்படுத்தினால், அவரவர் வேலைக்கு அவரவரே சமிக்ஞை அனுப்பலாம். 'ரூட்' என்னும் தலைமைப் பயனர் மட்டும் யாருக்கும் அனுப்பலாம். அவரும்கூட 1-ஆம் எண்ணை 9-ஆல் வீழ்த்த முடியாது.

எல்லாவற்றையும் நிறுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. 19 அனுப்பினால் வேலை அப்படியே உறைந்து நிற்கும். 18 அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவசரமில்லாத வேலையை 'நைஸ்' என்ற கட்டளையுடன் தொடங்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் -20 முதல் 19 வரை ஒரு 'நல்ல குண' எண் உண்டு. எண் கூடக்கூட அந்த வேலை மற்றவற்றுக்கு அதிகமாக வழிவிடும். நம் வேலையின் நல்ல குணத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். குறைக்க வேண்டுமானால் தலைமைப் பயனரிடம்தான் போக வேண்டும். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பட்டியலில் சில சமயம் 'இசட்' என்ற எழுத்துடன் ஒரு வேலை நிற்கும். அதற்கு 'ஸாம்பி', அதாவது நடமாடும் பிணம், என்று பெயர். 9 அனுப்பினாலும் அது போகாது. முன்பே முடிந்துபோனதை எப்படி மறுபடி முடிப்பது? அது நினைவகம் எதையும் தின்பதில்லை. அதன் தாய் வேலை வந்து, 'என் பிள்ளை எப்படி முடிந்தது?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் வரை பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். தாய் கேட்காமலே இருந்துவிட்டால், தாயை நிறுத்த வேண்டும். அப்போது 1-ஆம் எண் வந்து பிள்ளையைப் பொறுப்பேற்றுப் பெயரை நீக்கிவிடும்.

வேலை முடிந்ததும் கறுப்புத் திரையிலிருந்து திரும்ப, கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எஃப்7 அழுத்துங்கள். புதிய பதிப்புகளில் அது எஃப்1 அல்லது எஃப்2 ஆக இருக்கும்.